விட்டுவிட்டு வந்த பிள்ளை

ஒரு பையன் அண்ணாந்து பார்க்கிறான். 1992ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம். வசதியற்றவர்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில், பால் கூடையைக் கம்பத்தில் மாட்டி வளையமாக்கிக்கொண்டு பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். இருட்டில், மேகத்தை ஒட்டி, ஏதோ ஒரு வெளிச்சம் எழும்பி விலகிப் போகிறது. கேமரா அந்தப் பையனின் முகத்தில் சற்று நிற்கிறது; பிறகு படம் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறது. வெகுநேரம் கழித்துத்தான் நமக்குத் தெரியவருகிறது: அந்த வெளிச்சத்துக்குள் இருந்தவர் அவனுடைய பெரியப்பா, வக்காண்டா என்ற கற்பனை நாட்டின் மன்னர் டிச்சாக்கா. மாடியில் அவன் அப்பா செத்துக் கிடக்கிறார். கொன்றது பெரியப்பா. நாட்டுக்குத் துரோகம் செய்த தம்பியைத் தண்டிக்க வந்த இடத்தில், தம்பி துப்பாக்கியை எடுக்க, கை முந்திவிட்டது. அது ஒரு கணத்தில் நடந்தது என்று விட்டுவிடலாம். கீழே பந்தாடிக்கொண்டிருந்த பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பியது அப்படி ஒரு கணத்தில் நடந்ததல்ல. 2018 பிப்ரவரியில் ‘பிளாக் பேந்தர்’ வந்தபோது பார்த்த சண்டைகள், பூசான் நகரத்துக் கார் துரத்தல், காண்டாமிருகங்கள் எல்லாம் எனக்குக் கலைந்துபோய்விட்டன. அந்த முகம் மட்டும் போகவில்லை. அது ஏன் போகவில்லை என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், அந்தப் படம் தந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. ரூத் கார்ட்டர் வடிவமைத்த உடைகளில் லெசோத்தோ நாட்டு பாசோத்தோ மக்களின் கம்பளி தோளில் போர்த்தியிருந்தது; ராணி ரமோண்டாவின் கிரீடம் ஸூலு பெண்கள் அணியும் அகன்ற தொப்பியிலிருந்து வந்தது; மன்னர் டிச்சாக்காவாக நடித்த தென்னாப்பிரிக்க நடிகர் ஜான் கானி தன் தாய்மொழியான கோசாவில் பேசியதுதான் வக்காண்டாவின் மொழியாகவே ஆனது. உடைகளுக்காக ரூத் கார்ட்டரும், அரங்க அமைப்புக்காக ஹன்னா பீச்லரும் 2019இல் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்த இரண்டு பிரிவுகளிலும் அதுவரை எந்தக் கறுப்பினத்தவருக்கும் அது கிடைத்ததில்லை. கறுத்த உடம்பு திரையில் வந்தால் ஒன்று அடிவாங்கும், இல்லை அடிக்க வரும் என்று பழகிப்போன கண்ணுக்கு, அந்த உடம்பு அவையில் சாய்ந்து உட்கார்ந்து நாட்டின் கொள்கையைப் பற்றித் தர்க்கம் செய்வதைப் பார்ப்பது பெரிய விஷயம். அந்த அவையில் எல்லைக் குடியின் மூத்தவராக உட்கார்ந்திருப்பவரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. டேனி சபானி. 2013இல் வந்த ‘சிங்கம் 2’ படத்தில் தூத்துக்குடிக் கடல் வழியே போதைப்பொருள் கடத்தும் ஆப்பிரிக்க வில்லன். நாம் அவரை நம் ஊருக்கு வரவழைத்து, போலீஸ் உடையில் இருந்த சூர்யாவிடம் ஒப்படைத்து, அவர் அடிவாங்குவதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மனிதர் வேறொரு நாட்டின் அவையில், தோளில் கம்பளியோடு, மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார். முகம் ஒன்றுதான். யார் கூப்பிட்டார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நாவலூரில் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய மல்டிபிளெக்ஸில் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்த இளைஞர்கள்தான் அரங்கில் பாதிக்குமேல். நாயகன் அறிமுகத்துக்கு விழாத விசில், வில்லன் கில்மாங்கரின், அதாவது வளர்ந்துவிட்ட அந்தப் பையனின், அருங்காட்சியகக் காட்சிக்கு விழுந்தது. லண்டனில் கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னால் ஆப்பிரிக்கப் பொருள்கள். வெள்ளைக்காரக் காப்பாளர் ஒருவர் அவற்றைப் பற்றி அவனுக்கே பாடம் நடத்துகிறார். உங்கள் முன்னோர் இவற்றை விலை கொடுத்தா வாங்கினார்கள் என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்கிறான். எனக்கு உடனே ஆதிச்சநல்லூர் ஞாபகம் வந்தது. தாமிரபரணிக் கரையின் அந்தப் பறம்பை 1876இல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னால் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவற்றில் பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள். எழும்பூரில் அந்த இரும்பைப் பார்த்திருக்கிறேன். துருவேறிப் பொருக்குத் தட்டி, இது வாள், இது ஈட்டி என்று பக்கத்துச் சீட்டைப் படித்தால்தான் விளங்கும் நிலையில் கிடக்கிறது. ஆனாலும் அதன் முன்னால் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்கிறது. கில்மாங்கருக்கு விசிலடித்த பையன்களுக்கு ஆதிச்சநல்லூர் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். களவு கொடுத்தவன் பக்கம் நாம் என்பது மட்டும் எல்லாருக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

என் உறுத்தல் அங்கேதான் தொடங்கியது. அதே படத்தில் வக்காண்டாவின் தலைநகரம் திரையில் விரிகிறது, விண்கல்லிலிருந்து கிடைத்த வைப்ரேனியம் என்ற உலோகத்தின்மேல் எழுந்த நகரம். அதற்கும் அரங்கம் அதே வேகத்தில் ஆர்ப்பரித்தது. உள்ளே இருப்பவனின் பெருமையும் நமக்கு வேண்டும், வெளியே விடப்பட்டவனின் கோபமும் நமக்கு வேண்டும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுத்துக்கொண்டோம். 2025 ஜனவரி 23 அன்று, சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது, தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று முதலமைச்சர் அறிவித்தபோது, எனக்கு அந்த நகரக் காட்சி திரும்ப வந்தது. நமக்கும் ஓர் உலோகம் கிடைத்துவிட்டது. ஆய்வைக் குறைத்துச் சொல்லவில்லை. அறிவியல் முறையில் காலம் கணிக்கப்பட்ட முடிவு அது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இரும்பு ஈமத்தாழிகளோடு கிடைத்தது. இறந்தவருக்கென்று யாரோ வைத்தது. அதை உருக்கியவர் யார், ஊதுலைக்கு விறகு சுமந்தவர் யார், தாழியில் இடம் கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்ற கேள்விகள் அன்றைய கொண்டாட்டத்தில் எழவில்லை. எழ வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகப்படியோ என்றும் தோன்றுகிறது. ஒரு சமூகம் நீண்ட காலம் குனிந்திருந்துவிட்டு நிமிரும்போது, நிமிர்ந்த கணத்திலேயே அதனிடம் கணக்குக் கேட்பது மனிதத்தன்மைதானா? இந்தச் சந்தேகத்தை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

மறைந்திருக்கும் ராஜ்ஜியம் என்ற கனவு நமக்கும் புதிதல்ல. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதைத்தான் கண்டது. வக்காண்டாவுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே. பாண்டியரிடம் தோற்கும் தறுவாயில் சோழன் தன் குலக்கொழுந்தையும் ஒரு கூட்டத்தையும் கடல் தாண்டி அனுப்பிவிடுகிறான். நூற்றாண்டுகள் கழித்து ஒரு தீவில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ராஜ்ஜியத்தில் தங்கம் இல்லை, பறக்கும் ஊர்தி இல்லை. பசி இருக்கிறது. கறுத்து மெலிந்த உடம்புகள், சிக்குப் பிடித்த முடி, இறைச்சிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம். தஞ்சைக்குத் திரும்பக் கூட்டிப்போகத் தூதுவன் வருவான் என்று காத்துக் கிடக்கிறார்கள். வருவதோ துப்பாக்கி ஏந்திய நவீனப் படை. ஆண்கள் கொல்லப்படுகிறார்கள், பெண்கள் சிதைக்கப்படுகிறார்கள். அதை முதன்முறை பார்த்தபோது அரங்கில் நெளிந்தவர்கள் அதிகம். எழுந்து போனவர்களும் உண்டு. பெருமையைக் காட்டுவார்கள் என்று வந்தவர்களுக்கு அது பட்டினியைக் காட்டியது. ஒரு வித்தியாசம் எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. ஹாலிவுட்டின் மறைந்த ராஜ்ஜியம் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறது. நம்முடைய மறைந்த ராஜ்ஜியம் அழிகிறது, ஆனால் கார்த்தி நடித்த அந்தச் சுமைதூக்கும் தொழிலாளி சோழப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தப்புகிறான். மன்னர் செய்யத் தவறியதைக் கூலிக்காரன் செய்கிறான். இத்தனை ஆண்டுகளில் அந்த முடிவைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் படம் வந்த காலத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்க முடியாது. 2009 மே 13 அன்று தமிழ்நாடு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது. 16 அன்று வாக்கு எண்ணிக்கை, தெருவெல்லாம் வெடிச்சத்தம். 18 அன்று இலங்கையின் முள்ளிவாய்க்காலில் போரும் எல்லாமும் முடிந்திருந்தது. நடுவில் இருப்பது பாக் நீரிணை மட்டும்தான். கில்மாங்கர் வக்காண்டாவின் அவையில் வந்து நின்று, நம்மைப் போலவே இருக்கும் கோடிக்கணக்கானவர்கள் வெளியே சாகும்போது நீங்கள் இங்கே வசதியாக உட்கார்ந்திருந்தீர்களே என்று கேட்கும்போது, திரையரங்கில் நான் யார் குரலைக் கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. 2013 பிப்ரவரியில் வெளிவந்த அந்தப் புகைப்படங்களும் இதோடு சேர்ந்துகொள்கின்றன: மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்பண்டம் தின்றுகொண்டிருக்கும் புலிகள் தலைவரின் மகன், பன்னிரண்டு வயதுப் பாலச்சந்திரன்; அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கும் அதே உடம்பு. மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், தமிழகம் முழுக்கக் கல்லூரிகள் கொதித்தன. அந்தக் கொதிப்பு உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போதும் இங்கே, நம் மாவட்டங்களில், 1983க்குப் பின் வந்து முகாம்களில் தங்கிப்போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள். இறந்த பிள்ளைக்காக அழுவதற்கு நமக்குத் தெரிந்திருக்கிறது. உயிரோடு பக்கத்தில் நிற்கும் பிள்ளையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நாவலூரிலிருந்து தெற்கே படூர், கேளம்பாக்கம் வரை இருக்கும் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் அடிக்கடி பார்க்கும் தான்சானியப் பையன் ஒருவன் இருந்தான். “அண்ணா, சக்கரை கம்மி” என்று சுத்தமாகச் சொல்வான். கடைக்காரர் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வீடு மாற வேண்டும், எனக்காகப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டான். புரோக்கருக்குப் போன் போட்டேன். இரண்டு படுக்கையறை, மூன்று பையன்கள், அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார். சொன்னேன். “ஃபாரினர்னா பரவால்ல சார். ஆப்பிரிக்காகாரங்கன்னா ஓனர் ஒத்துக்க மாட்டாரு. அசோசியேஷன்லயும் பிரச்சன பண்ணுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க தப்பா நினைக்காதீங்க” என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார். நானே வளர்ந்த ஊரில் கறுப்பாக இருந்ததற்காகக் கல்யாணப் பேச்சுகளில் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு நமக்கு அயல் நிறம் அல்ல. அதனால் நாம் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்வோம் என்று நினைத்தால், நடப்பது நேர்மாறாக இருக்கிறது. தன் உடம்பிலிருந்தே தள்ளி வைக்க விரும்பிய ஒன்றை அடுத்தவன் உடம்பில் பார்க்கும்போது வரும் விலகல் அது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கூட்டம் கூடி அடித்தபோது, வடக்கே அப்படித்தான் என்று இங்கே பேசிக்கொண்டோம். இங்கே அடிப்பதில்லை. வீடு கொடுப்பதில்லை.

அந்தப் பையனிடம் ஒருநாள் படத்தைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கம்பளி போர்த்துவதில்லை என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சொன்னதைத்தான் நான் பலநாள் யோசித்தேன்: அது ஆப்பிரிக்காவைப் பற்றிய படம் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் படம், அவர்களுக்கு எங்கோ ஒரு வீடு இருந்தாக வேண்டும் என்பதால் அப்படி ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டார்கள். அவன் சொன்னது சரிதான். இயக்குநர் ரயன் கூக்லரே ஓக்லாந்தில் பிறந்தவர். வக்காண்டாவை முதலில் கற்பனை செய்தவர்கள் 1966இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்ற இரண்டு வெள்ளை அமெரிக்கர்கள் என்றாலும், கூக்லரின் கையில் அது விடப்பட்ட பிள்ளை காணும் கனவாக மாறிவிட்டது. அப்படியானால் நாம் காணும் பொற்காலக் கனவுகளை எங்கே வைப்பது? மலேயாவுக்கும் ஃபிஜிக்கும் இலங்கை மலையகத்துக்கும் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சோழனைக் கனவு கண்டால் எனக்குப் புரிகிறது. பிறந்த மண்ணில், சொந்த வீட்டில், பேசும் மொழியில் அரசாணை வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் அதே கனவை அதே ஏக்கத்தோடு காண்பது என்ன? நாமும் ஏதோ ஒன்றிலிருந்து விடப்பட்டவர்கள்தான் என்று ஒரு பதில் சொல்லலாம். அது முழுப் பொய்யும் அல்ல.

இந்தப் படத்துக்கும் இந்தியாவுக்கும் நேரடியாக ஒரே ஓர் இழை இருந்தது. மலையில் தனித்து வாழும் ஜபாரி மக்கள் வணங்கும் குரங்குத் தெய்வத்துக்கு அனுமன் என்றே பெயர். அவர்கள் தலைவன் எம்பாக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வணங்குவான். இந்தியப் பிரதியில் தணிக்கை வாரியம் அந்த ஒரு சொல்லின் ஒலியை நீக்கிவிட்டது. எதற்கு நீக்கினார்கள் என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நம் தெய்வம் இன்னொரு கறுத்த வாயிலும் இருக்கக்கூடும் என்ற நினைப்பையே நாம் கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

டிச்சாக்கா ஏன் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார் என்ற இடத்துக்கு வருகிறேன். அவர் கொடியவர் அல்ல. படம் அவரை அப்படிக் காட்டவும் இல்லை. பிள்ளையைக் கப்பலில் ஏற்றியிருந்தால் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்பார்கள்: இவன் யார், இவன் அப்பா எங்கே? என்ன சொல்வது? தம்பியைக் கொன்றேன் என்று சொல்ல வேண்டும். தம்பி ஏன் துரோகியானான் என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கறுப்பர்கள் படும்பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல், நம்மிடம் இருப்பதை அவர்களுக்குக் கொடுக்கலாமே என்று நினைத்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னப் பையன் உள்ளே வந்தால் அவனோடு இவ்வளவும் உள்ளே வரும். வக்காண்டா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கதை அன்றோடு உடையும். ஆகவே பிள்ளை வெளியே நின்றான். இரக்கம் இல்லாததால் யாரும் விடப்படுவதில்லை, கதை கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் விடப்படுகிறார்கள். இதை நினைக்க நினைக்க எனக்குக் கலக்கம் கூடுகிறது. இரக்கம் குறைவென்றால் கூட்டிக்கொள்ள வழியுண்டு. கதையை மாற்றுவதற்கு நாம் தயாரா?

அந்தப் படத்திலேயே ஆகச் சிறந்தது என்று நான் நினைக்கும் இரண்டு காட்சிகள் இங்கே சேர்கின்றன. மூலிகைச் சாற்றைக் குடித்து மண்ணில் புதைக்கப்பட்டவன் முன்னோரைச் சந்திப்பான் என்பது வக்காண்டாவின் நம்பிக்கை. டிச்சாக்காவின் மகனும் படத்தின் நாயகனுமான டிச்சல்லா போகும்போது விரிந்த புல்வெளி, ஊதா வானம், மரக்கிளைகளில் கருஞ்சிறுத்தைகளாக முன்னோர்கள். கில்மாங்கர் போகும்போது அவனுக்குக் கிடைப்பது ஓக்லாந்தில் அப்பா செத்த அதே அறை. அதே சோபா, அதே சுவர். ஜன்னலுக்கு வெளியே மட்டும் அந்த ஊதா வானம். முன்னோர் நிலத்திலும் அவனுக்கு அந்த வாடகை வீட்டைத் தாண்டி இடமில்லை. கில்மாங்கராக நடித்த மைக்கேல் பி. ஜோர்டனும் சிறுவனாக நடித்த பையனும் அந்த இடத்தில் மாறி மாறி நிற்கிறார்கள். இன்னொரு காட்சி, உண்மை தெரிந்தபின் டிச்சல்லா இரண்டாம் முறை போவது. அப்பாவின் முன்னால் நின்று, ஏன் அவனை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்கிறான். பிறகு அங்கே நிற்கும் எல்லா முன்னோரையும் பார்த்து, நீங்கள் அத்தனை பேரும் செய்தது தவறு என்கிறான். 2020 ஆகஸ்டில், டிச்சல்லாவாக நடித்த சாட்விக் போஸ்மேன் நாற்பத்து மூன்று வயதில் இறந்த செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சண்டை போடும் நாயகன் அல்ல. அழுதுகொண்டே தகப்பனை எதிர்த்துப் பேசும் அந்த முகம்தான்.

அப்படி ஒரு காட்சி தமிழ்ப்படத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அப்பனை மீறும் பிள்ளைகள் நம் படங்களில் ஏராளம். காதலுக்காக மீறுவார்கள், சொத்துக்காக மீறுவார்கள். முப்பாட்டன்களை வரிசையாக நிறுத்தி, உங்கள் பெருமைக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்று கேட்கும் பேரன் இல்லை. திரைக்கு வெளியே கேட்டவர்கள் உண்டு. 2019 ஜூனில் பா. இரஞ்சித் திருப்பனந்தாளில் ஒரு கூட்டத்தில், ராஜராஜ சோழன் காலத்தில்தான் தலித் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது என்று பேசினார். வழக்குப் பதிவானது, முன்ஜாமீன் கேட்டு உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டுகளை வைத்து ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். பிரம்மதேயம், தேவதானம் என்று நிலம் கைமாறிய விதத்தைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மன்னரைக் கேள்வி கேட்டதற்கு இன்றைக்கு ஒரு மனிதர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதைப் பார்க்கும்போது, டிச்சல்லாவின் அந்த அழுகைக்கு என்ன விலை என்று புரிகிறது. அவன் மன்னன், அவன் கேட்கலாம். விடப்பட்ட பிள்ளையே வந்து கேட்டால் அவனுக்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். படமும் அதைத்தான் செய்தது. கேள்வியைக் கில்மாங்கரின் வாயில் வைத்தது, அவனை இரக்கமில்லாத கொலைகாரனாக்கியது, கடைசியில் கொன்றது. பிறகு அவன் கேட்டதில் கொஞ்சத்தை நாயகன் கையால் நிறைவேற்றியது. ஓக்லாந்தின் அந்தக் கட்டடங்களை டிச்சல்லா வாங்கி உதவி மையம் தொடங்குகிறான். அப்பா சித்தப்பாவைக் கொன்ற இடம் இதுதான் என்று தங்கையிடம் சொல்கிறான். அங்கே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்த முடிவு எனக்குப் போதவில்லை. அதே சமயம் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்றும் சொல்லத் தெரியவில்லை.

நாவலூருக்கு வடக்கே, எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் சில நிமிஷ தூரத்தில் செம்மஞ்சேரி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் குடிசை மாற்று வாரியத்தின் குடியிருப்புகள், 2021 முதல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாடு என்று மாறிவிட்டது. நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடும்பங்களையும், சுனாமியில் வீடிழந்த மீனவர்களையும் கொண்டுவந்து குடிவைத்த இடம். இன்னும் வடக்கே இதேபோல் 2000 முதல் உருவான கண்ணகி நகர், பக்கத்தில் பெரும்பாக்கம். இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை நல்ல கதை: வயல்வெளியாகவும் சதுப்பாகவும் கிடந்த இடம், கால் நூற்றாண்டில் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறது, எத்தனையோ குடும்பங்களின் முதல் சம்பளம் இங்கிருந்துதான் வந்தது. எல்லாம் உண்மை. அதே கால் நூற்றாண்டில் அதே சாலைக்கு லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களைச் சேர்த்துச் சொன்னால் அந்தக் கதை வேறாகிவிடும். சனிக்கிழமைகளில் கம்பெனிகளிலிருந்து இளைஞர்கள் செம்மஞ்சேரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் சொல்லித்தர வருகிறார்கள். மனதார வருகிறார்கள், அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியும் அவர்களுக்கு. டிச்சல்லாவின் உதவி மையமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் குடியிருப்பில் சமையல் வேலைக்கு வரும் அக்கா செம்மஞ்சேரியில் இருக்கிறார். அடையாற்றங்கரையில் பிறந்தவர், பெரிய பையனுக்கு ஐந்தாம் வகுப்பு நடுவில் இருந்தபோது இங்கே கொண்டுவந்து விட்டார்கள், பள்ளிக்கூடம் தூரமாகிப்போய் அவன் படிப்பு நின்றது. சின்னவன் டிப்ளமோ முடித்தான். நேர்காணலுக்குப் போகும் இடத்திலெல்லாம் முகவரியைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடுகிறது என்று ஒரு கட்டத்தில் கண்டுகொண்டான். “இப்பல்லாம் பயோடேட்டாவுல செம்மஞ்சேரின்னு போட்றதில்ல சார். சோழிங்கநல்லூர்னு போட்டுக்கிறான். பின்கோடு ஒண்ணுதான, யாரு பாக்கப் போறா” என்று அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். அவனுக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கம்பெனி பஸ் சோழிங்கநல்லூரிலிருந்து கிளம்பிச் செம்மஞ்சேரியைத் தாண்டித்தான் நாவலூர் வழியாகச் சிறுசேரிக்குப் போகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஏறினால் கூட வேலை பார்ப்பவர்களுக்கு வீடு தெரிந்துவிடுமாம். அதனால் காலையில் ஷேர் ஆட்டோவில் எதிர்ப்பக்கம் சோழிங்கநல்லூர் போய், அங்கே பஸ் ஏறி, தன் வீட்டைக் கடந்து வேலைக்குப் போகிறான், சாயங்காலமும் அப்படியே. ஆட்டோவுக்குப் போகவர நாற்பது ரூபாய் ஆகிறது, மாசக் கடைசியில் அதுதான் இடிக்கிறது என்றார் அக்கா.